மிச்சம் எத்தனை சுற்று?

தங்கச்சியின் மகளுக்குப் பதின்மூன்று வயது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு லேன் தள்ளி இருக்கிறாள். போன வருடம் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி முடிந்த கையோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, இது 38 செக்கனுக்கு மேல் பறக்குதில்லை. என்ன பிழையெண்டு பாத்துத் தாங்கோ" என்றாள். பெட்டிக்குள் இறப்பர் முறுக்கில் பறக்கும் உள்ளரங்க விமானம். பல்சா என்கிற மிக இலேசான மரத்தின் கட்டையும் மெல்லிய தாளும், 45 செ.மீ. இறக்கை. தாள் வெசாக் கூடு கட்ட விற்கிற டிஷ்யூதான், புறக்கோட்டையில் மே மாதத்தில் மலிவாகக் கிடைக்கும். மூக்கில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் புரொப்பெலர், விளையாட்டுப் பெட்டி ஒன்றிலிருந்து கழற்றியது.

நான் இறக்கையைப் பார்த்தேன், வாலைப் பார்த்தேன், எல்லாம் நேராகத்தான் இருந்தன. செட்டியார் தெருவில் நகை வேலை செய்கிற பக்கத்து வீட்டு அண்ணையிடம் கொண்டுபோய், பவுண் நிறுக்கும் தராசில் வைத்தோம். இறப்பர் இல்லாமல் விமானம் 5.9 கிராம். புரொப்பெலரை மட்டும் கழற்றி வைத்தபோது 2.1 கிராம். "தம்பி, நகையை விடக் கொளுக்கி பாரமாயிருக்கு" என்றார் அண்ணை. விமானத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தச் சிவப்புத் துண்டில்தான் இருந்தது. அன்றிலிருந்து ஏழெட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் செய்த வேலையெல்லாம் இந்த ஒரு உறுப்பைச் சுற்றித்தான்.

பாரம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அந்தப் புரொப்பெலரின் விட்டம் 15 செ.மீ., பிட்ச்சும் ஏறக்குறைய அவ்வளவே. பிட்ச் என்பது புரொப்பெலர் ஒரு சுற்றுச் சுற்றும்போது, திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோல், எவ்வளவு தூரம் முன்னால் போக வேண்டும் என்ற கணக்கு. காற்று மரம் அல்லவே, கொஞ்சம் வழுக்கும். அப்படி வழுக்கியும் நொடிக்கு இரண்டு மீற்றர் போகிற விமானத்துக்கு 15 செ.மீ. பிட்ச் என்றால் நொடிக்கு இருபது சுற்று வேண்டும். 800 சுற்று முறுக்கினால் 40 செக்கனில் தீர்ந்துவிடும். பிள்ளை சொன்ன 38 செக்கனுக்கான கணக்கு அதற்குள்ளேயே இருந்தது. இறக்கையில் எந்தத் திருத்தம் செய்திருந்தாலும் அது கூடியிருக்காது.

முதல் மாற்றம் யோகட் கப்பில் தொடங்கியது. வீட்டில் வேண்டிய அளவு கிடக்கும். கப்பின் சுவர் வளைவாகவும் கீழே ஒடுங்கியும் இருப்பதால், அதில் புதுப் புரொப்பெலரின் இதழைச் சரித்து வரைந்து வெட்டினால் முறுக்கு தானாகவே வந்துவிடும். கப்பின் நிமிர்ந்த கோட்டுக்கு 15 பாகை அளவில் சரித்து வரைய வேண்டும். இரண்டு இதழும் ஒரே பக்கம் சரிய வேண்டும். நாங்கள் முதலில் வெட்டிய சோடியில் ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் சரிந்திருந்தது. ஒட்டிக் காய்ந்த பிறகுதான் கண்டோம், ஒரு இதழ் காற்றைப் பின்னால் தள்ள, மற்றது முன்னால் தள்ளியது. கடதாசியில் ஒரு அச்சு வெட்டி, கப்பின் விளிம்பில் ஒரு குறியும் அச்சில் ஒரு குறியும் போட்டு, குறியோடு குறி பொருத்தி வரைந்தால் இந்தப் பிழை வராது. வளைத்தால் சடக்கென்று வெடிக்கிற கப் வேண்டாம், சற்று இணங்குகிறதாக எடுங்கள். நடுத்தண்டுக்கு மூங்கில் குச்சி. விட்டம் 18 செ.மீ., நிறை 1.2 கிராம். அன்று 1 நிமிடம் 10 செக்கன் பறந்தது.

பறப்பதற்கு முன்னால் ஒரு சிக்கல் வந்தது. புரொப்பெலர் இலேசானதும் மூக்கு இலேசாகி, விமானம் தலையைத் தூக்கித் தூக்கி விழுந்தது. பிள்ளை புரொப்பெலரில்தான் பிழை என்று அதைக் கழற்றப் போனாள். பிழை அதில் இல்லை, பாரமையம் பின்னால் போயிருந்தது. இறக்கையை உடற்கட்டையில் 2 செ.மீ. பின்னுக்குத் தள்ளியதும் சரியாயிற்று. மூக்கில் களிமண் ஒட்டியும் சமன் செய்யலாம். ஆனால் பாடுபட்டுக் குறைத்த பாரத்தைத் திரும்ப ஏற்ற எனக்கு மனமில்லை. புரொப்பெலரை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் பாரமையத்தைத் திரும்பப் பாருங்கள்.

பிறகு பல்சாவுக்குப் போனோம். ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான் 0.8 மி.மீ. பல்சாத் தகடும், விமானங்களுக்கென்றே விற்கிற இறப்பர்ப் பட்டியும் அனுப்பினார். இறப்பர் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு இறப்பருக்குக் கனடாவைப் பார்க்கிறோமே என்று எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. 1876ஆம் ஆண்டு லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகளை வைத்தது கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தாவரவியல் பூங்காவில். கொழும்பிலிருந்து ரயிலேறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், ஒருநாள் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஆனால் கந்தோர்க் கடதாசிக்குப் போடும் இறப்பர் வளையமும் இந்தப் பட்டியும் ஒன்றல்ல. ஒரே நிறையில் இந்தப் பட்டி தேக்கிவைக்கும் சக்தி மிக அதிகம். வளையங்களைக் கோத்து முடிந்து பறக்கவிட்டவர்களுக்கு வித்தியாசம் முதல் முறுக்கிலேயே கையில் தெரியும்.

பல்சா இதழ் செய்யும் முறை இதுதான். அச்சை வைத்து இரண்டு இதழ் வெட்டி, சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறப்போடுவோம். ஒன்றரை லீட்டர் போத்தலின் நேரான பகுதியில், அதே 15 பாகைச் சரிவில் இரண்டையும் வைத்து, மருந்துக்கடை பன்டேஜ் துணியால் இறுக்கிச் சுற்றுவோம். போத்தலுக்குள் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் நசுங்காது. பிறகு மொட்டைமாடி வெயிலில் ஒரு முழு நாள். அரைகுறையாகக் காய்ந்ததை அவிழ்த்தால் இரண்டு நாளில் இதழ் மட்டமாகி, முறுக்குப் போய்விடும். மழை நாளில் இதைத் தொடங்காதீர்கள். விட்டம் 24 செ.மீ., இதழின் அகலம் அதிகபட்ச இடத்தில் 4 செ.மீ. வேலை முடிந்து தராசில் வைத்தபோது 0.8 கிராம். அண்ணை இரண்டு முறை நிறுத்துப் பார்த்தார்.

இனிப் பிட்ச்சை அளக்கிற விதம். இதற்கென்று கருவி ஒன்றும் வாங்கத் தேவையில்லை. பிள்ளையின் கணிதப் பெட்டியில் இருந்த 45 பாகை மூலைமட்டம் போதும். புரொப்பெலரின் தண்டு நிமிர்ந்து நிற்கும்படி ஒரு பலகையில் குத்தி, நடுவிலிருந்து நுனி நோக்கி மூலைமட்டத்தை இதழோடு நகர்த்திக்கொண்டு போக வேண்டும். நடுவுக்குப் பக்கத்தில் இதழ் செங்குத்தாக நிற்கும், நுனியில் படுத்திருக்கும். இடையில் ஓரிடத்தில் சரியாக 45 பாகையில் மூலைமட்டத்தோடு ஒட்டி நிற்கும். அந்த இடம் நடுவிலிருந்து எத்தனை செ.மீ. என்று பார்த்து 6.28ஆல் பெருக்கினால் பிட்ச் வந்துவிடும். 5 செ.மீ. என்றால் பிட்ச் 31, 6 செ.மீ. என்றால் 38. பின்னால் இருக்கிற கணக்கும் லேசானது. 45 பாகையில் இதழ் பக்கவாட்டில் எவ்வளவு போகிறதோ அவ்வளவே முன்னாலும் போகும். பக்கவாட்டில் போகிற தூரம் அந்த வட்டத்தின் சுற்றளவு. இதைச் சொன்னபோது பிள்ளை தன் வகுப்புக் கொப்பியை எடுத்து 2πr என்று எழுதி அடிக்கோடு போட்டாள். பரீட்சைக்கு வெளியே அந்தச் சூத்திரம் அவளுக்குப் பயன்பட்டது அதுவே முதல் முறை, எனக்கும்தான்.

இதழைத் தண்டோடு ஒரேயடியாக ஒட்டிவிடாதீர்கள். நாங்கள் நடுவில் கடதாசிக் குழாய் ஒன்று வைத்து, இதழின் காம்பை அதற்குள் இறுக்கமாகச் செருகினோம். கையால் திருப்பிப் பிட்ச்சை மாற்றலாம், மாற்றியதும் ஒரு சொட்டுக் கோந்து. கழற்ற வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டு வைத்தால் இளகும். சுப்பர் குளூ போட்டால் அந்தப் புரொப்பெலரில் படிக்கிறதற்கு வேறொன்றும் மிஞ்சாது. இரண்டு இதழிலும் 45 பாகை வருகிற இடம் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், 2 மி.மீ. வித்தியாசத்துக்கே மூக்கு ஆடத் தொடங்கிவிடும். சமநிலைக்குத் தண்டை இரண்டு சவர அலகின் விளிம்பில் கிடத்தினால் பாரமான இதழ் கீழே போகும். அதை 400ஆம் இலக்க உப்புத்தாளால் தேய்த்துக் குறையுங்கள், மற்றதில் எதையும் பூசிக் கூட்ட வேண்டாம். பிறகு ஒரு பென்சில் முனையை நுனிக்கு நேரே நிறுத்தி மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு நுனியும் ஒரே தடத்தில் போகாவிட்டால் தண்டுக் கம்பி வளைந்திருக்கிறது. எங்களுக்குக் கம்பி 0.4 மி.மீ. கிட்டார் கம்பி.

மண்டபம் கிடைத்தது பெரிய காரியம். கலியாணம், அரங்கேற்றம் இல்லாத ஞாயிற்றுக் காலைகளில் ஒரு மண்டபத்தில் ஒன்பது மணிவரை விடுவார்கள். கூரை ஏழரை மீற்றர். கடற்காற்று உள்ளே வரும் என்பதால் மேற்குப் பக்க ஜன்னல்களைச் சாத்த வேண்டும், மின்விசிறிகள் நிற்க வேண்டும். ஒருநாள் யாரோ நல்லெண்ணத்தில் விசிறியைப் போட்டுவிட, இரண்டு கிழமை வேலை ஒரு சுழற்சியில் போயிற்று. இப்போது சுவிட்ச்சுக்கு மேல் கடதாசி ஒட்டிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்கிறோம். கூரைக் கம்பியில் சிக்கினால் எடுக்கக் கொக்கத்தடி ஒன்றும் வைத்திருக்கிறோம், மாங்காய் பறிக்கிறதுதான்.

முறுக்குவதற்குப் பழைய சோனகத் தெருவில் வாங்கிய கைத்துளைப்பான். ஒருமுறை கையால் சுற்றினால் முனை நான்கு முறை சுற்றும். இறப்பரை விமானத்தில் மாட்டி முறுக்காதீர்கள், அறுந்தால் உடற்கட்டை தூளாகும். ஒருவர் கொளுக்கியோடு பிடிக்க, மற்றவர் இறப்பரை அதன் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு இழுத்து நின்று, பாதிச் சுற்றை அந்த இழுப்பிலேயே போட வேண்டும். மீதியைப் போட்டபடி மெல்ல மெல்ல முன்னால் நடந்து வர வேண்டும். கண்ணாடி அணியுங்கள். எண்ணெய்க்கு சிலிக்கன் மட்டுமே, உடற்பயிற்சி ஓடுபொறிக்குப் போடுகிறது விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும். அது தெரியாமல் நான் தேங்காய் எண்ணெய் பூசினேன். அடுத்த ஞாயிறு பட்டி ஊறிப் பிசுபிசுத்துக் கிடந்தது.

இந்த வேலையின் உயிர் இனிச் சொல்லப்போகிற பகுதியில்தான் இருக்கிறது. விமானம் இறங்கியதும் எத்தனை செக்கன் என்று மட்டும் குறித்துக்கொண்டிருந்தோம். செக்கன் நல்லதா கெட்டதா என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. மச்சான்தான் தொலைபேசியில் கேட்டார்: "இறங்கின பிறகு இறப்பரில் மிச்சம் எத்தனை சுற்று?" நாங்கள் எண்ணியதே இல்லை. அதற்குப் பிறகு இறங்கிய இடத்திலேயே பிள்ளை புரொப்பெலரைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணத் தொடங்கினாள். கொப்பியில் ஐந்து நிரல்: பிட்ச், இறப்பரின் அகலமும் நீளமும், முறுக்கிய சுற்று, பறந்த நேரம், மிச்சம்.

2.4 மி.மீ. அகலப் பட்டி, 40 செ.மீ. வளையம், 800 சுற்று. இவற்றைத் தொடாமல் பிட்ச்சை மட்டும் மாற்றினோம். பிட்ச் 30இல் விமானம் விறுவிறுவென்று ஏறிக் கூரையில் முட்டியது, 1:40, மிச்சம் ஒன்றுமில்லை. பிட்ச் 48இல் மூன்று மீற்றருக்கு மேல் ஏறவேயில்லை. வெளிக்கிட்ட முதல் அரை வட்டத்தில் தணிந்து, தரையைத் தொட்டுவிடுமோ என்று பயங்காட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தது. 1:35இல் இறங்கியபோது மிச்சம் 310. இரண்டுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்று. கொப்பியில் மிச்ச நிரல் இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே தோல்வி என்று எழுதியிருப்போம். ஒன்று காசை அள்ளி இறைத்தது, மற்றது மடியில் கட்டிக்கொண்டே பட்டினி கிடந்தது. பிட்ச் 36இல் ஐந்து மீற்றர் ஏறி, அங்கேயே நின்று வட்டமடித்து, 2:05க்கு இறங்கியது. மிச்சம் 45.

மிச்சம் நிறைய இருந்தால் இறப்பரின் பிடி தளர்ந்த நேரத்தில் அந்தப் புரொப்பெலரைச் சுழற்ற அதற்கு வலு போதவில்லை என்று அர்த்தம். பிட்ச்சைக் குறைக்க வேண்டும், அல்லது சற்று அகலமான பட்டி போட வேண்டும். மிச்சம் இல்லாமல் கூரையில் முட்டினால் பிட்ச்சைக் கூட்ட வேண்டும், அல்லது பட்டியை ஒடுக்க வேண்டும். நான் சொல்கிறேன் என்று 36ஐ அப்படியே எடுக்காதீர்கள். அது எங்கள் பட்டிக்கும் எங்கள் பாரத்துக்கும் பொருந்திய எண். விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு பிட்ச்சில் தொடங்கி, மிச்சத்தைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

இது பிடிபட்டதும் எங்களுக்கு ஒரு பேராசை வந்தது. ஒடுங்கிய பட்டி கூடுதல் சுற்றுத் தாங்கும் அல்லவா? பட்டியை 2 மி.மீ. ஆக்கி, வளையத்தை 45 செ.மீ. ஆக்கினோம், 1,000 சுற்று ஏறிற்று. பிட்ச் 36ஐ மாற்றவில்லை. மிச்சம் 350. பட்டி ஒடுங்கினால் முறுக்குவிசை குறையும், அந்தப் பிட்ச்சைச் சுழற்ற அதற்கு வலு இல்லை. பிட்ச்சை 31க்கு இறக்கியதும் திரும்ப ஏறிற்று, 2:20. சுற்றுக் கூடியது, ஆனால் ஒவ்வொரு சுற்றும் முன்னைவிடச் சீக்கிரம் செலவானது. ஒடுங்கிய பட்டிக்குக் குறைந்த பிட்ச், அகலப் பட்டிக்குக் கூடிய பிட்ச். இவை இரண்டும் மாட்டு வண்டியின் சோடி மாடுகள், ஒன்றை மட்டும் விரட்டினால் வண்டி திரும்பிவிடும். கடைசியில் எங்களுக்கு உண்மையான இலாபம் தந்தது 2.4 மி.மீ. பட்டியையே 48 செ.மீ. வளையமாக்கி, 1,000 சுற்றும் பிட்ச் 38உம் வைத்ததுதான். 2:41, மிச்சம் 60.

அதிலும் முதல் இரண்டு முறை கூரையில் முட்டிற்று. பிட்ச்சை இன்னும் கூட்டலாம் என்று கை போயிற்று. அது தேவைப்படவில்லை. முழுதாக முறுக்கிய இறப்பர் முதல் சில செக்கன் மூர்க்கமாக இழுக்கும், அதன் பிறகு நெடுநேரம் சீராக இருக்கும், கடைசியில் தளரும். ஆகவே 1,000 முறுக்கி, 50 அவிழ்த்துவிட்டுப் பறக்கவிட்டோம். இழந்தது 50 சுற்று, குறைந்தது அந்த மூர்க்கம் முழுவதும். 950 மட்டும் முறுக்கினால் போதாதா என்று பிள்ளை கேட்டாள். இரண்டும் ஒன்றல்ல. ஏற்றிவிட்டு இறக்கும்போது அதே சுற்றில் முறுக்குவிசை குறைவாக நிற்கும். இரண்டையும் கைவிரலில் பிடித்துப் பார்த்து அவளே ஒப்புக்கொண்டாள்.

இன்னொன்றில் நான் பல நாள் பிழையாக நினைத்திருந்தேன். ஆரம்பத்தில் விமானம் இடப்பக்கம் சரிந்து விழப் பார்க்கும். பெரிய புரொப்பெலர் போட்டதால்தான் என்று நினைத்து விட்டத்தைக் குறைக்கப் போனேன். விமானத்தைச் சரிக்கிற விசை இறப்பரின் முறுக்குவிசை, புரொப்பெலர் பெரிதோ சிறிதோ அது மாறாது. இட இறக்கையின் பின்விளிம்பைச் சற்றுக் கீழே வளைத்தால் அந்தப் பக்கம் தூக்குவிசை கூடி நிமிர்ந்துவிடும். அதைப்போல, ஒருநாள் எந்தப் பிட்ச் வைத்தாலும் மூக்குக் குத்தியது. தேடிப் பார்த்தால், சோடாத் தகரத்தில் செய்த தண்டுதாங்கி முழு முறுக்கின் இழுப்பில் வளைந்து, புரொப்பெலரைக் கீழே பார்க்க வைத்திருந்தது. இரட்டைத் தகரத்தில் செய்து மாட்டினோம். பிட்ச்சில் கை வைக்கும் முன்னால் இறப்பரை முழுதாக முறுக்கி மாட்டிவிட்டு, மூக்கைப் பக்கவாட்டில் நின்று ஒருமுறை பாருங்கள்.

1871இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ இறப்பர் முறுக்கில் பறக்கவிட்ட மாதிரி விமானம் 11 செக்கன் காற்றில் நின்றது. இன்று உலகப் போட்டிக்காரர்கள் ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்துக்குள் 55 செ.மீ. இறக்கையும் 1.4 கிராம் நிறையும் உள்ள விமானத்தை 0.4 கிராம் இறப்பரில் 20 நிமிடத்துக்கு மேல் நிறுத்துகிறார்கள். அவர்களுடைய புரொப்பெலர், இறப்பர் மூர்க்கமாக இருக்கும்போது பிட்ச்சைத் தானே கூட்டி, தளரும்போது குறைத்துக்கொள்ளும். நாங்கள் 50 சுற்று அவிழ்த்துக் கொட்டுவதை அவர்கள் கொட்டுவதில்லை. பிள்ளை அதன் நடுப்பகுதியைப் படமாக வரைந்து வைத்திருக்கிறாள். அதற்கு முன் எளிய வழி ஒன்று உண்டு. இதழைக் காம்புக்கு முன்பக்கம் அகலமாக வைத்து, மெல்லிய பல்சாவில் செய்தால், அழுத்தம் கூடும்போது இதழே முறுகிப் பிட்ச்சைக் கூட்டும் என்கிறார்கள். பின்பக்கம் அகலமாகிவிட்டால் நேர் எதிராகப் பிட்ச் குறையுமாம். அதனால் இப்போது காம்பு ஒட்டுகிற இடத்தை இதழின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, ஒரு சோடி வெட்டி வைத்திருக்கிறோம்.

இங்கே எழுதிய எண்கள் எல்லாம் ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட காலைகளில் எடுத்தவை. மே மாத மழை தொடங்கியபோது அதே விமானத்தை அண்ணையின் தராசில் வைத்தால் 0.2 கிராம் கூடிப்போயிருந்தது. பல்சாவும் தாளும் ஈரத்தைக் குடித்திருந்தன. புரொப்பெலரின் 45 பாகை இடமும் 4 மி.மீ. உள்ளே வந்திருந்தது. இப்போது சப்பாத்துப் பெட்டியோடு வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து, இதழ்களைப் பிஸ்கட் டின்னில் மூடி வைக்கிறோம். மண்டபத்துக்கு முச்சக்கரவண்டியில் போகும்போது டின்னைப் பிள்ளை மடியிலேயே வைத்திருப்பாள், போய்ச் சேர்ந்ததும் மூலைமட்டத்தைத்தான் முதலில் எடுப்பாள்.